மண்வீட்டுச் சிற்பி ஹஸன் ஃபாத்தி

தேசங்களின் சரித்திரத்தை எழுதுவோர் அரசர்களையும் சேனாதிபதிகளையும் மந்திரிகளையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். குடியானவனுக்கு நிழல் தரும் கூரையைப் பற்றி வாழ்நாள் முழுவதும் சிந்தித்தவனுக்கு அவர்களுடைய ஏட்டில் பெரும்பாலும் இடம் கிடைப்பதில்லை. அவ்வாறு சிந்தித்தவர்களுள் முதன்மையானவர் எகிப்து தேசத்துக் கட்டிடச் சிற்பியான ஹஸன் ஃபாத்தி. 1989-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி அவர் கெய்ரோ நகரில் காலமானார். அவர் மறைந்து ஒரு தலைமுறைக் காலம் சென்றுவிட்டது. எனினும், வீடு கட்டும் தொழிலால் உலகத்துக்கு இன்று நேர்ந்திருக்கும் இக்கட்டை நோக்கும்போது, அவருடைய வரலாற்றை நம் வாசகர்கள், முக்கியமாகப் பொதுத்தொண்டில் ஈடுபட்டிருக்கும் அன்பர்கள், அறிந்திருப்பது அவசியம் என்று கருதுகிறோம்.

அந்த இக்கட்டு யாது? சிமெண்டு என்பது சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்து ஏறத்தாழ 1,450 டிகிரி உஷ்ணத்தில் சுட்டு, அதனால் கிடைக்கும் கட்டியை அரைத்துச் செய்யும் பொடி. அவ்வளவு உஷ்ணத்தை உண்டாக்க நிலக்கரி முதலியவற்றை எரிக்க வேண்டும். எரித்தால் கரியமில வாயு எழும். அதோடு தீர்ந்ததா என்றால், இல்லை. சுண்ணாம்புக்கல் வெந்து சுண்ணாம்பாகும்போது தன்னுள் அடங்கியிருந்த கரியமில வாயுவையும் வெளியே விடுகிறது. தூய சுண்ணாம்புக்கல் 100 ராத்தல் வெந்தால் 56 ராத்தல் சுண்ணாம்பு மிஞ்சும். பாக்கி 44 ராத்தலும் வாயுவாகிக் காற்றில் கலந்துவிடும். உலையில் எந்த எரிபொருளை இட்டாலும் இந்த இரண்டாவது வாயு நிற்பதில்லை. உலகம் இப்பொழுது ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 400 கோடி டன் சிமெண்டு செய்கிறது. மனிதர் வெளிவிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கு இந்த ஒரு பொருளிலிருந்தே வருகிறது. சீனாவுக்கு அடுத்தபடி அதிகமாகச் சிமெண்டு செய்யும் நாடு நம் பாரத நாடு. இரும்புக் கம்பிக்கும் சூளைச் செங்கல்லுக்கும் எரியும் கரி தனிக் கணக்கு. வெயில் ஆண்டுக்காண்டு கடுமையாகிறது, பருவம் தவறுகிறது என்று கவலைப்படும் நாம், நம் தலைக்கு மேல் இருக்கும் கூரையும் அதற்கு ஒரு காரணம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஹஸன் ஃபாத்தி தம் வேலையைத் தொடங்கியபோது இந்தக் கணக்கு அவர் முன் இருக்கவில்லை. அவர் கண்டது எகிப்தியக் குடியானவனின் வறுமை. சிமெண்டும் இரும்பும் வாங்கக் காசில்லாதவன் எதைக் கொண்டு வீடு கட்டுவான் என்பதே அவருடைய கேள்வி. ஆனால் அந்தப் பொருள்கள் ஏழைக்கு எட்டாமற்போனது ஏன்? அவற்றை ஆக்குவதற்கு எரியும் நெருப்பின் விலையும், நெடுந்தூரம் ஏற்றி இறக்கும் கூலியும் அவற்றுள் அடங்கியிருப்பதால்தான். ஏழையின் மடிக்குப் பாரமாயிருப்பது எதுவோ அதுவே பூமிக்கும் பாரமாயிருக்கிறது. ஃபாத்தியின் வரலாறு இக்காலத்துக்கு உரியதாவதற்கு இதுவே காரணம்.

அவர் 1900-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23-ஆம் தேதி அலெக்ஸாண்டிரியாவில் பிறந்தார். எகிப்து அப்பொழுது பேருக்குத் துருக்கி சுல்தானுக்கும், உண்மையில் 1882 முதல் அந்நாட்டில் குடியிருந்த ஆங்கிலப் படைக்கும் அடங்கிக் கிடந்தது. தந்தையார் நிலபுலன் மிகுந்தவர். ஆனால் கிராமம் என்றால் முகம் சுளிப்பவர். தாயாரோ இளமையில் கிராமத்தில் கழித்த நாட்களை மறவாதவர். அந்த நினைவுகளைக் குழந்தைகளுக்குக் கதை கதையாகச் சொல்வார். தந்தையின் வெறுப்புக்கும் தாயின் ஏக்கத்துக்கும் இடையே வளர்ந்த பிள்ளை, கிராமத்தைப் பார்க்காமலே அதன்மேல் அன்பு கொண்டது. விவசாயக் கல்லூரியில் சேர விரும்பினார். வயலில் கால் வைத்தறியாத நகரத்துப் பையனுக்கு நுழைவுப் பரீட்சை தேறவில்லை. கட்டிடக் கலைக்குத் திரும்பி 1926-இல் பட்டம் பெற்றார். தம் குடும்பத்துப் பண்ணையில் அவர் முதல்முதல் அடி வைத்தது 27-ஆம் வயதில் என்றால், அக்காலத்துப் படித்த வகுப்பார் தம் நாட்டு ஜனங்களை விட்டு எவ்வளவு தூரம் விலகியிருந்தனர் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அவருடைய இளமைப் பருவம் எகிப்தின் சுதந்திரக் கிளர்ச்சியின் பருவம். 1919-இல் ஸாத் ஸக்லூலின் தலைமையில் தேசம் முழுவதும் கிளர்ந்தெழுந்தது. 1922-இல் பெயரளவில் சுதந்திரம் வந்தது. ஆனால் அரசியலில் அந்நியரை எதிர்த்த வகுப்பாரே, வீடு கட்டுவதிலும் நகரம் அமைப்பதிலும் ஐரோப்பாவைப் பார்த்து எழுதினர். கட்டிடக் கல்லூரியில் கற்பித்ததும் ஐரோப்பியச் சிற்பமே. எகிப்தியக் கிராமத்து வீடு அங்கே பாடமாக இருக்கவில்லை. பட்டம் பெற்ற ஃபாத்தி சர்க்கார் உத்தியோகத்தில் அமர்ந்தார். தல்கா என்ற சிற்றூரில் ஒரு பள்ளிக்கூடக் கட்டிட வேலையை மேற்பார்க்க அனுப்பப்பட்டார். அவ்வூரின் தெருக்களில் கண்ட அழுக்கும் அவலமும் அவரைப் பிடித்துக்கொண்டன. அதன் பிறகு அவருடைய கவனம் நகரத்து மாளிகைக்குப் போகவில்லை. 1930-இல் கெய்ரோ நுண்கலைக் கல்லூரியில் ஆசிரியரானார்.

குடியானவனுக்கு எப்படி வீடு கட்டுவது என்ற கேள்விக்கு விடை குடியானவனிடமே இருப்பதை அவர் கண்டுகொண்டார். அவன் ஆயிரம் ஆயிரம் ஆண்டுகளாகக் காலடி மண்ணை எடுத்து, தண்ணீரும் கோதுமைத் தாளும் கலந்து, அச்சிலிட்டு, வெயிலில் உலர்த்திப் பச்சைக்கல் செய்து சுவர் எழுப்பி வந்திருக்கிறான். அந்தக் கல்லுக்குச் சூளை வேண்டாம், வண்டி வேண்டாம், கடன் வேண்டாம். படித்த இஞ்சினீயர்கள் அதை அழுக்கு என்று ஒதுக்கினார்கள். ஃபாத்தியோ அழுக்கு மண்ணில் இல்லை, அமைப்பில்தான் இருக்கிறது என்றுணர்ந்தார். 1937-இல் மன்ஸூராவிலும் கெய்ரோவிலும் தாம் வரைந்த பச்சைக்கல் வீடுகளின் வர்ணப் படங்களைக் காட்சிக்கு வைத்தார்.

சுவர் எளிது, கூரையே சங்கடம். எகிப்தில் காடு கிடையாது. பேரீச்சையும் கருவேலும் தவிர மரம் அரிது. கூரைக்கு வேண்டிய உத்தரமும் சட்டமும் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியவை. 1939-இல் யுத்தம் மூண்டதும் மரமும் இரும்பும் கப்பலில் வருவது நின்றது. அப்பொழுது அரச விவசாய சங்கத்துக்காகப் பஹ்தீம் என்ற இடத்தில் பண்ணைக் கட்டிடங்கள் கட்டும் பொறுப்பு ஃபாத்திக்கு வந்தது. மரமில்லாமற் கூரை போடுவதென்றால் பச்சைக்கல்லாலேயே வளைவுக் கூரை போடவேண்டும். வளைவு முடியும் வரை அதைத் தாங்க மரச்சட்டம் வேண்டுமே! சட்டமில்லாமற் போட்டுப் பார்த்தார். கூரை இடிந்து விழுந்தது. கல்லூரியில் கற்ற கணிதம் ஒன்றும் துணை செய்யவில்லை.

அஸ்வான் அணை வேலையில் இருந்த அவருடைய சகோதரர் ஒரு செய்தி சொன்னார். தென்கோடியிலுள்ள நூபியர்கள் சட்டம் இல்லாமலே வளைவுக் கூரை போடுகிறார்கள் என்பது அச்செய்தி. 1941-இல் ஃபாத்தி அஸ்வானுக்குப் புறப்பட்டார். நகரம் அவருக்கு ஒன்றையும் காட்டவில்லை, ஏமாற்றமே கண்டார். நைல் நதியைக் கடந்து மேற்குக் கரையிலுள்ள கர்ப் அஸ்வான் கிராமத்துக்குப் போனபோதுதான் தேடியது கிடைத்தது. சுத்தமான, விசாலமான வீடுகள். ஒவ்வொன்றுக்கும் மண்ணாலான வளைவுக் கூரை. ஒரு மரத்துண்டு இல்லை. அவ்வீடுகளைக் கட்டிய கொத்தர்கள் உயிருடன் இருந்தார்கள். அவர்களில் போக்தாதி அஹ்மத் அலி, அலாவுத்தீன் முஸ்தபா என்ற இருவரின் பெயரைச் சரித்திரம் மறக்கலாகாது. ஃபாத்தியின் கல்விக்கு அவர்களைப் போன்றவர்களே ஆசான்கள்.

அவர்கள் செய்யும் முறையைச் சிறிது விரிவாகச் சொல்வது தகும். எதிரெதிரே இரண்டு பக்கச் சுவர்கள். ஒரு முனையில் அவற்றினும் உயர்ந்த ஒரு தலைச் சுவர். தலைச் சுவரின்மேல் கொத்தர் சேற்றை அப்பி, கண்ணளவாலேயே வில்போன்ற வளைவு ஒன்றை வாய்ச்சியால் செதுக்கி எடுப்பார். கூரைக்கான கற்கள் 25 சென்டிமீட்டர் நீளம், 15 அகலம், 5 கனம். பாரம் குறையும் பொருட்டுத் தாளை அதிகம் சேர்த்தவை. அச்சிலிருக்கும்போதே விரலால் இரண்டு கோடு இழுத்தவை. அந்தக் கோடுகளில் சேறு கவ்விக்கொள்ளும். முதல் வரிசைக் கல்லை நேராக நிறுத்தாமல், அடியில் சேற்றை ஆப்புபோல் வைத்து, தலைச் சுவரின்மேல் சாய்த்து ஒட்டுவார்கள். அடுத்த வரிசை முதல் வரிசைமேல் சாயும், அதற்கடுத்தது அதன்மேல். சாய்ந்து நிற்பதால் கல் நழுவுவதில்லை. ஒவ்வொரு வளைவும் அடுத்து வரும் வளைவுக்குத் தானே தாங்குசட்டமாகிறது. வளைவின் வடிவமோ பாரம் முழுவதும் கல்லைக் கல் நெருக்கும்படி இறங்குவது. இழுவிசை எங்கும் நேராது. இழுவையைத் தாங்க இயலாத மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. ஓர் அறையின் கூரை ஓரிரு நாளில் முடிந்துவிடும். கணக்கு நூல் கற்றவர்கள் தோற்ற இடத்தில், கையில் ஒரு வாய்ச்சியோடு வந்த கொத்தர்கள் வென்றார்கள்.

இது புதுமையும் அன்று. லக்ஸாருக்கு எதிர்க்கரையில் இரண்டாம் ராம்ஸெஸ் மன்னனின் கோயிலான ராமெஸ்ஸியத்தின் பின்புறத்தில், இதே முறையில் பச்சைக்கல்லாற் கட்டிய களஞ்சிய வளைவுகள் 3,200 ஆண்டு கடந்தும் நிற்கின்றன. மண் நிலையாது என்போருக்கு இதைவிட வேறு பதில் வேண்டியதில்லை. பக்கத்திலேயே இருந்த இந்தச் சான்றைக் கட்டிடக் கல்லூரிகள் மாணவருக்குக் காட்டவில்லை என்பதே வியப்பு. அடிமைப்பட்ட தேசத்தின் கல்வி, அந்தத் தேசத்தானின் கண்ணுக்கு முன்னால் இருப்பதை மறைத்து, கண்ணுக்கு எட்டாததைக் காட்டும் என்பதற்கு எகிப்து மட்டுமே உதாரணம் அன்று.

ஃபாத்தியின் வாழ்க்கையிற் பெரிய முயற்சியும் பெரிய தோல்வியும் ஒன்றே. அதன் பெயர் புதுக் குர்னா. லக்ஸாரின் மேற்குக் கரையில் பண்டை மன்னரும் பிரபுக்களும் அடங்கிய கல்லறைக் குன்றுகளின்மேல் குர்னா என்ற கிராமம் ஐந்து குடியிருப்புகளாகப் பரவியிருந்தது. ஜனத்தொகை ஏறத்தாழ 7,000. நிலமில்லாத அம்மக்களிற் பலர் கல்லறைகளைத் தோண்டிப் புதைபொருள்களை விற்றும், யாத்திரிகருக்கு வழிகாட்டியும் பிழைத்து வந்தனர். ஒரு கல்லறைச் சுவரிலிருந்த சிற்பமே பெயர்த்து விற்கப்பட்டது என்ற செய்தி உலகெங்கும் பரவவே, புராதனப் பொருள் இலாகா விழித்துக்கொண்டது. கிராமம் முழுவதையும் பெயர்த்துச் சமவெளியில் புதிதாய் வாங்கிய 50 ஏக்கர் நிலத்தில் குடியேற்றுவதென்று தீர்மானித்தது. 1945-இல் அந்த வேலை ஃபாத்தியிடம் ஒப்புவிக்கப்பட்டது. குறைந்த செலவில் முடியவேண்டும் என்பதே மண்வீட்டுக்காரரை இலாகா அழைத்ததன் காரணம்.

ஒரே அச்சில் வார்த்த வரிசை வீடுகளை அவர் வரையவில்லை. குடும்பத்துக்குக் குடும்பம் தேவை வேறாதலால் வீட்டுக்கு வீடு அமைப்பும் வேறாக இருக்க வேண்டும் என்றார். உள்முற்றம், புறாக்கூடு, ஆடு மாடு கட்டும் இடம், ரொட்டி சுடும் அடுப்பு முதலிய ஒவ்வொன்றையும் குடியானவன் வாழ்க்கையைக் கவனித்தே திட்டமிட்டார். மசூதி, சந்தை, பள்ளிக்கூடம், நாடக அரங்கு, கைத்தொழிலாளர் தங்கும் சத்திரம் ஆகியவை எழுந்தன. அஸ்வானிலிருந்து வந்த கொத்தர்கள் வேலை செய்ததோடு உள்ளூர் இளைஞருக்குத் தொழிலும் கற்பித்தார்கள். ஒரு மனிதன் தனியே தன் வீட்டைக் கட்டிக்கொள்ள இயலாது; பத்துப் பேர் கூடினால் பத்து வீடும் எளிதில் எழும் என்ற கிராமத்துக் கூட்டுறவு நெறியே அவர் திட்டத்தின் அடிப்படை.

அது ஏன் முறிந்தது? முதற் காரணம் சர்க்கார் இலாகாக்களின் போக்கு. மண்ணோடு கலக்கும் தாளை வாங்குவதற்குக்கூடக் காகிதம் மேஜைக்கு மேஜை நகர வேண்டியிருந்தது. வேலைக்கான பருவம் வரும்போது பணம் வராது. பணம் வரும்போது பருவம் போயிருக்கும். மண்ணுக்கு விலையில்லை, விலையில்லாத பொருளில் ஒப்பந்தக்காரருக்கு லாபமில்லை, லாபமில்லாத வேலைக்கு ஆதரவு தருவோர் எங்கும் சிலரே. இரண்டாவது காரணம் இதனினும் ஆழமானது. குர்னா மக்கள் அங்கே போக விரும்பவில்லை. குன்றின்மேல் இருந்த வரையில் அவர்களுக்குப் பிழைப்பு இருந்தது. சமவெளியில் அது இல்லை. வெள்ளக் காலத்தில் ஒரு சமயம் கரையை வெட்டிவிட்டுப் புதுக் கிராமத்துக்குள் தண்ணீர் புகச் செய்தார்கள். 1948-இல் வேலை நின்றது. திட்டத்தில் ஒரு சிறு பகுதியே முடிந்திருந்தது. முடிந்த வீடுகளிலும் குர்னா மக்கள் குடியேறவில்லை.

இவ்விடத்தில் நமது அபிப்பிராயத்தை ஒளிவுமறைவின்றிக் கூறுவது கடமை. ஃபாத்தியைப் போற்றுவோர் பலர், அவரைத் தோற்கடித்தவர்கள் கொள்ளைக்காரக் கிராமத்தாரும் சோம்பேறி உத்தியோகஸ்தருமே என்று எழுதிவிடுகிறார்கள். அது முழு உண்மை ஆகாது. குடியானவன்மேல் அவர் வைத்த அன்பு கலப்பற்றது; அவனுடைய தேவையை அவர் நுணுகி ஆராய்ந்ததும் உண்மை. ஆயினும் இடம் பெயர வேண்டுமா என்ற முதற் கேள்வியை அவனிடம் யாரும் கேட்கவில்லை. அதை இலாகா தீர்மானித்தது, சிற்பி ஏற்றுக்கொண்டார். கும்மட்டக் கூரை அவ்வட்டாரத்து மக்களுக்குக் கல்லறையை நினைவூட்டுவது என்று பிற்காலத்தார் சுட்டிக்காட்டும் குறையும் கவனிக்கத்தக்கதே. நூபியனுக்கு இயல்பான கூரை குர்னாக்காரனுக்கு இயல்பானது அன்று. ஆகவே, குர்னாவில் தோற்றது மண் அல்ல. ஜனங்களின் சம்மதம் பெறாத திட்டமே. எவ்வளவு நல்ல பொருளாயினும், எவ்வளவு நல்லவர் கொண்டுவந்தாலும், மேலிருந்து இறக்கினால் கீழே வேர் பிடிக்காது. இதைப் பொதுத்தொண்டர்கள் ஒருபோதும் மறத்தலாகாது.

மனம் நொந்த ஃபாத்தி 1957-இல் தாய்நாட்டை விட்டு கிரேக்க தேசம் சென்று, ஆதென்ஸில் டாக்ஸியாடிஸ் என்ற பிரபல நகர நிர்மாண நிபுணரின் ஸ்தாபனத்திற் சேர்ந்தார். சில ஆண்டுகளுக்குப் பிறகு கெய்ரோவுக்கே திரும்பினார். 1960-களில் அங்கே நடந்த ஒரு பரிசோதனை அவருடைய கொள்கைக்கு எண்களால் ஆதாரம் தந்தது. பச்சைக்கல் வளைவுக் கூரையுள்ள ஓர் அறையையும், வார்த்தெடுத்த கான்கிரீட் பலகைகளாலான ஓர் அறையையும் கட்டி, ஒரே நாளில் இரண்டின் உஷ்ணத்தையும் அளந்தார்கள். மண் அறைக்குள் இரவு பகல் முழுவதும் உஷ்ணம் 21 டிகிரிக்கும் 23 டிகிரிக்கும் இடையிலேயே நின்றது. கான்கிரீட் அறையிலோ 36 டிகிரிக்கு ஏறிற்று. வெளிக்காற்றின் உஷ்ணத்தைவிட அது 9 டிகிரி அதிகம். வெயிலிலிருந்து ஒதுங்கப் புகும் வீடு, வெயிலைவிடச் சுட்டதென்றால் அதை வீடு என்பதா, அடுப்பு என்பதா?

இதன் உட்பொருள் தெளிவானது. கனத்த மண் சுவர் பகலின் வெப்பத்தை மெல்ல உட்கொண்டு, அது உள்ளே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும்படி செய்கிறது. உள்முற்றம் இரவின் குளிர்ந்த காற்றைத் தேக்கி வைத்துக் காலையில் அறைகளுக்குக் கொடுக்கிறது. மல்கஃப் என்று அரபு நாட்டார் அழைக்கும் காற்றுக் கூண்டு, கூரைக்கு மேலே ஓடும் காற்றைப் பிடித்து உள்ளே இறக்குகிறது. மஷ்ரபிய்யா என்னும் மரச்சல்லடைச் சாளரம் ஒளியின் கடுமையைத் தடுத்துக் காற்றை விடுகிறது. 1965-இல் கார்கா பாலைவனச் சோலையில் பாரிஸ் என்ற இடத்தில் ஒரு புதுக் கிராமத்தைத் தொடங்கிய ஃபாத்தி, அதன் சந்தைக் கட்டிடத்தில் காய்கனிகள் கெடாதிருக்கக் காற்றுக் கூண்டுகளைக் கொண்டே குளிர்ச்சி உண்டாக்கினார். 1967-இல் மூண்ட யுத்தம் அந்த வேலையையும் நிறுத்திற்று. கட்டும்போது நெருப்பை வேண்டாத வீடு, கட்டிய பிறகும் குளிர்சாதன யந்திரத்தை அவ்வளவாக வேண்டாது என்பதே இவற்றால் விளங்குவது. இன்று கரியமில வாயுவைக் குறைக்க வழி தேடும் நிபுணர்கள் கூறுவதும் இந்த இரண்டையுமே.

தோல்விகளை அவர் மறைக்கவில்லை. குர்னாவின் கதையை ஒரு நூலாக எழுதினார். 1969-இல் கெய்ரோவில் சிறு பதிப்பாக வெளிவந்தது. 1973-இல் சிகாகோ சர்வகலாசாலை அதை ‘ஏழைகளுக்கான கட்டிடக் கலை’ என்ற பொருள்படும் தலைப்பில் வெளியிட்டதும் உலகம் அவரைக் கண்டுகொண்டது. சொந்த நாட்டில் இலாகாக்கள் புறக்கணித்தவரை அயல்நாட்டு மாணவர்கள் தேடி வரலாயினர். 1980-இல் ஆகா கான் கட்டிடக் கலைப் பரிசுக் குழுவின் தலைவர் விருதும், ஸ்வீடனில் அவ்வாண்டு தொடங்கிய நல்வாழ்வு விருதும் அவருக்குக் கிடைத்தன. 1984-இல் சர்வதேசக் கட்டிடச் சிற்பிகள் சங்கம் தன் முதல் தங்கப் பதக்கத்தை அவருக்கு அளித்தது. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் அவர் வரைந்த மசூதியைக் கட்டத் தொடங்கியபோது, நூபியக் கொத்தர்கள் அங்கே சென்று சட்டமில்லா வளைவு போடும் வித்தையைச் செய்து காட்டினர். பட்டணத்து இஞ்சினீயர்கள் அழுக்கு என்ற மண், கடல் கடந்து பாடமாயிற்று. ஃபாத்தியோ கெய்ரோவின் கோட்டைக்கு அருகே தர்ப் அல்-லப்பானா என்ற சந்தில், பழைய வீடொன்றின் மேல்மாடியில், பூனைகள் சூழ, எளிமையாக வாழ்ந்து 89-ஆம் வயதில் மறைந்தார்.

அவருடைய வழியில் குறையில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. நீரும் உப்பும் மண்ணின் சத்துருக்கள். அஸ்வான் உயரணை 1970-இல் முடிந்தபின் நிலத்தடி நீர்மட்டம் ஏறி, புதுக் குர்னாவின் சுவர்களை அரித்தது. பல வீடுகள் விழுந்தன. எஞ்சிய பொதுக் கட்டிடங்களைக் காப்பாற்ற ஐக்கிய நாட்டுக் கல்வி, கலாசார ஸ்தாபனமாகிய யுனெஸ்கோ முன்வர வேண்டியதாயிற்று. அணையினால் வண்டல் வருவதும் நின்றபடியால், விளைநிலத்தின் மேல்மண்ணைச் சுரண்டிக் கல் அறுப்பது பயிருக்கே பகையாயிற்று. 1980-களில் எகிப்து சர்க்கார் அதைச் சட்டத்தால் தடுத்தனர். ஏழைக்கென்று அவர் கண்ட கலையைப் பிற்காலத்தில் அதிகமாக விரும்பிப் பெற்றவர்கள் செல்வர்களே என்பதும் உண்மை. பொருளை அறிந்து, இடத்தை அறிந்து, அஸ்திவாரத்தையும் கூரை விளிம்பையும் காத்துக் கட்டினால்தான் மண்வீடு நிற்கும். வண்டல் மண்ணில் சரியாயிருப்பது உவர் மண்ணில் சரியாயிராது. மழையறியாத லக்ஸாரின் கூரையை அடைமழை பெய்யும் ஊரில் அப்படியே போட்டால் முதல் ஐப்பசியே அதற்கு முடிவு.

எனவே ஃபாத்தியிடம் நாம் கற்க வேண்டியது நூபிய வளைவு என்ற உருவத்தை அல்ல; அதைத் தேடிச் சென்ற நெறியை. பட்டதாரியான அவர் தம் படிப்பு தோற்றது என்று தெரிந்தவுடன், படிக்காத கொத்தனிடம் போய்க் கைகட்டி நின்று கற்றார். அந்த வித்தை வேண்டிய இடத்தில் பரவவும் பரவியிருக்கிறது. காடு அழிந்து கூரைக்கு மரம் கிடைக்காத மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில், 2000-ஆம் ஆண்டு முதல் ஒரு சங்கம் உள்ளூர்க் குடியானவருக்கே நூபிய வளைவைக் கற்பித்து, ஆயிரக்கணக்கான கூரைகள் எழச் செய்திருக்கிறது. புதுவைக்கு அருகே ஆரோவில்லில் இயங்கும் மண் கட்டிட நிலையம், நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே சிமெண்டு கலந்து யந்திரத்தால் அழுத்திய மண்கல்லைக் கொண்டு, அதே சட்டமில்லா முறையை நம் மழைக்கு ஏற்ப மாற்றிக் கற்பித்து வருகிறது. அங்கே கல்லைச் சூளையில் சுடுவதில்லை. நீர் தெளித்துப் பதப்படுத்துகிறார்கள்.

நம் தேசத்து நிலைமை என்ன? 1936-இல் மகாத்மா காந்தி சேவாகிராமத்தில் குடிபுகுந்த குடில் மண் சுவரும் மூங்கிலும் ஓடும் கொண்டது. கதருக்கு அவர் சொன்ன நியாயம் கட்டிடத்துக்கும் பொருந்தும் என்பதை அக்குடில் சொல்லாமற் சொல்லிற்று. கதரை ஏற்ற தேசம் அந்தக் குடிலைக் காட்சிப் பொருளாக்கிவிட்டு, கான்கிரீட்டைக் கௌரவம் என்று கொண்டது. நம் நாட்டுப் புள்ளிவிவரக் கணக்குகள் மண்ணாலும் சுடாத கல்லாலும் எழுந்த சுவரைக் கச்சா என்று தள்ளி வைக்கின்றன. கரியமில வாயுவை மிகக் குறைவாக எழுப்பும் சுவருக்கு இழிபெயர். மிகுதியாக எழுப்பும் சுவருக்கு நற்பெயர்! ஏழைக்கு ஒழுகாத, இடியாத, தேள் பாம்பு புகாத வீடு வேண்டும் என்பதில் இரண்டு கருத்தில்லை. அத்தகைய வீட்டைச் சிமெண்டு ஒன்றினாலேயே கட்டமுடியும் என்பது மட்டும் தவறு. பாலத்துக்கும் அணைக்கும் பலமாடி ஆஸ்பத்திரிக்கும் சிமெண்டு வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஒற்றை மாடி வீட்டுக்கும் ஊர்ச்சாவடிக்கும் கிராமப் பள்ளிக்கும் அதுவே கதி என்ற எண்ணத்தைத்தான் மறுக்கிறோம்.

கிராமங்களில் தொண்டு புரியும் அன்பர்களுக்கு இதனால் ஒரு வேலை ஏற்படுகிறது. உங்கள் ஊரில் சர்க்கார் வீடு கட்ட வரும்போது, எஸ்டிமேட்டில் உள்ளூர் மண்ணுக்கும் கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் ஓட்டுக்கும் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். மண்சுவர் வைக்கவும் சுண்ணாம்பு அரைக்கவும் தெரிந்த முதிய கொத்தனார் இன்னும் இருந்தால், அவர் கையிலுள்ள வித்தை அவரோடு மண்ணுக்குள் போகுமுன் இரண்டு இளைஞரை அவரிடம் அனுப்புங்கள். எல்லாவற்றுக்கும் முதலாக, அந்த வீட்டில் குடியிருக்கப்போகும் குடும்பத்தாரிடம் அவர்கள் விருப்பத்தைக் கேளுங்கள். குர்னாவில் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான். கர்ப் அஸ்வான் கொத்தர்களின் அறிவும், குர்னா மக்களின் மறுப்பும் ஆகிய இரண்டையும் ஒருங்கே மதிக்கத் தெரிந்த தேசமே ஏழைக்கு நல்ல வீட்டையும் பூமிக்குக் குளிர்ச்சியையும் ஒரே கையால் வழங்கும்.